றபீக்கா ஏறிப் பார்த்த ஜீப்

சாய்ந்தமருது இப்றாஹிமின் வாகன வளவில் வெள்ளை ஜீப் ஒன்று வந்து இறங்கிய செய்தி, அன்று நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்பே நிந்தவூர் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவன் முபாறக்தான். பிக்கப்பில் தயிர்ச் சட்டிகளை ஏற்றிக்கொண்டு கரையோர வீதியால் தெற்கே வந்தவன், ஒவ்வொரு கடையிலும் சட்டிகளை இறக்கி வைத்த கையோடு ஜீப் கதையையும் இறக்கி வைத்தான்.

"ஜேர்மன் சாமான் காக்கா. கதவச் சாத்தினா றோட்டுச் சத்தம் ஒண்டும் கேக்கா. சீட்டுக்குள்ளாலயே குளிர்க் காத்து வருது."

"ஆரு முபாறக் வாங்கப் போற?"

"பாப்பம், இன்ஷா அல்லாஹ்."

அந்தப் 'பாப்பம்' யார் வாங்கப் போகிறார் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிட்டது. தேநீர்க்கடையில் இருந்தவர்கள் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

முபாறக்குக்கு ஐம்பத்துமூன்று வயது. சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு ஆறு வருஷம் ஜீப் ஓட்டியவன். பொத்துவிலிலிருந்து வாகரை வரைக்கும் அவன் சில்லுப் படாத ஒழுங்கை இல்லை. ஓடுகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சில்லில் காற்றுக் குறைவு என்று சொல்லுவான். பிறகு நிறுவனங்கள் மூட்டை கட்டின. ஜீப்களும் கொழும்புக்குப் போய்விட்டன. கடைசி ஜீப்பை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தவன், மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தான்.

அந்த மூன்றாவது மாதத்தில்தான் அவன் மனைவி றபீக்கா மாட்டுப் பட்டிக்காரர் ஒருவரிடம் ஆறு போத்தல் எருமைப் பால் வாங்கிக் காய்ச்சி, நான்கு சட்டித் தயிர் போட்டாள். நான்கும் ஒரே நாளில் விற்றன. இப்போது பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை அறுபத்திரண்டு கடைகளில் றபீக்காவின் தயிர் இருந்தது. தயிர்க் கொட்டிலில் ஏழு பெண்கள் வேலை செய்தார்கள். பால் எடுப்பதும், கடைகளுக்குக் கொண்டுபோவதும் முபாறக்கின் பாடு. மற்றதெல்லாம் றபீக்கா.

பட்டிகளுக்குப் போகிற வயல் வட்டைப் பாதை மாரியில் சேறும் கோடையில் குழியுமாகக் கிடக்கும். பிக்கப்பில் போய் வந்தால் இடுப்பு ஒரு வாரத்துக்கு வலிக்கும். கல்யாண வீட்டுக்கும் அதே பிக்கப்தான். பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு பால் வாசத்துக்குள் உட்கார்ந்து போய் றபீக்காவுக்கு அலுத்துவிட்டது. இந்த வருஷம் ஒரு ஜீப் வாங்குவதென்று இரண்டு பேரும் முடிவெடுத்திருந்தார்கள். அது ஓடிக் களைத்த ஜீப்பாக இருக்கக் கூடாது, ஏறினால் ஒரு ஜீப்பில் ஏறினோம் என்று இருக்க வேண்டும் என்று சொன்னவளே றபீக்காதான். பதினொரு வருஷத்துச் சேமிப்பு அதற்குள் போகப் போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் கொட்டிலில் பால் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே கச்சான் காற்று சுட்டுக்கொண்டு வீசியது. றபீக்கா ஒவ்வொரு பானையாக விரல் வைத்துச் சூடு பார்த்து, உறை ஊற்றிக்கொண்டு போனாள். முபாறக் சட்டிகளை நிரையாக அடுக்கிக்கொண்டே ஜீப் புராணம் பாடினான்.

"பழுதானா ஆரு பாக்கிற?" றபீக்கா பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கொழும்புல ஆக்கள் இரிக்காங்க."

"ஓடாத ஜீப்பக் கொழும்புக்கு எப்பிடிக் கொண்டு போற?"

"லொறியில ஏத்தித்தான்."

"அப்ப ஒரு லொறியும் வாங்கணும்."

கொட்டிலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். முபாறக் விடவில்லை.

"நீ ஒருக்கா ஏறிப் பாரு புள்ள, அப்ப தெரியும். அதுக்கு ஸ்பிரிங் இல்ல. காத்துப் பையில நிக்கிற வண்டி. குழியில உழுந்தாலும் தெரியா."

"காத்துப் போனா?"

"குந்திரும்."

"எது? ஜீப்பா, நாமளா?"

இதற்கு அவனும் சிரித்துவிட்டான். ஆனாலும் பேச்சு விளையாட்டாகவே முடியவில்லை. றபீக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்க. உங்களுக்கு அந்த ஜீப் மேல ஆசை எண்டு எனக்குத் தெரியும். எனக்கும் ஆசைதான். ஆனா இது ஏழு பொம்புளையள் வேர்த்து ஒழைச்ச சல்லி. ஜீப் ஒரு மாசம் கராஜில கிடந்தா நாம தாங்குவம். ரெண்டு மாசம் கிடந்தா பட்டிக்காரருக்குக் குடுக்கிறத்துல கை வைக்கணும். பால் நிண்டா எல்லாம் நிண்ட மாதிரி. அத யோசிச்சுக்கங்க."

"இருவது வருஷமா வண்டி பாக்கிறன். என்னை நம்பமாட்டியா?"

"நம்பாமலா நாளைக்கு ஏறிப் பாக்க வாறன்?"

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் இப்றாஹிமின் வளவுக்குப் போனார்கள். இப்றாஹிம் முபாறக்கின் மாமி மகன். இரண்டு வருஷமாகப் பழைய வாகனம் வாங்கி விற்கிறான். வாகன இறக்குமதி மூடிக் கிடந்த காலத்தில் கையில் இருந்ததையெல்லாம் நல்ல விலைக்குத் தள்ளியவன், திறந்த பிறகு கொஞ்சம் தடுமாறிப் போயிருந்தான்.

"வாங்க மச்சான். வாங்க ராத்தா. உங்களுக்கெண்டுதான் ஒத்தருக்கும் காட்டாம வெச்சிருக்கன்."

"ஊரு முழுக்கக் காட்டிட்டாரே உங்கட மச்சான்" என்றாள் றபீக்கா.

முபாறக் பாண்டிருப்பிலிருந்து டிலக்சனை வரச் சொல்லியிருந்தான். வாகனங்களின் கம்ப்யூட்டரை ஸ்கேனர் போட்டுப் பார்க்கிற பொடியன். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி, கையிலிருந்த கருவியைக் கால்மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு பிழையும் காட்டல்ல காக்கா. எல்லாம் கிளீன்."

முபாறக் பொனட்டைத் திறந்து எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தான். என்ஜினைக் கிளப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு றபீக்காவையும் இப்றாஹிமையும் ஏற்றிக்கொண்டு ஒலுவில் வரைக்கும் ஓட்டினான். காரைதீவைத் தாண்டும்போது ஜீப் சத்தமே இல்லாமல் மிதந்தது. நிந்தவூர்த் தேநீர்க்கடை வந்ததும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்தான். கடைக்குள் இருந்தவர்கள் எழும்பி வாசலுக்கே வந்துவிட்டார்கள். முபாறக்குக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஆறு வருஷம் யாருடையதோ ஜீப்பை ஓட்டியவன், இன்று தன் ஊருக்குள் தன் ஜீப்பை ஓட்டுகிறான்!

வளவுக்குத் திரும்பி வந்ததும் இப்றாஹிம் பத்திரங்களை எடுக்க அலுவலக அறைக்குப் போனான். றபீக்கா இறங்கவில்லை.

"இஞ்சாருங்க, ஏசிய நிப்பாட்டுங்க. கண்ணாடியெல்லாம் ஏத்துங்க. கதவச் சாத்திட்டு நீங்க வெளிய போங்க."

"என்ன புள்ள, இந்த வெயிலுக்குள்ளயா?"

"ஓம். கொஞ்ச நேரம் இரிக்கப் போறன்."

கச்சான் வெயில் ஜீப்பின் கூரையில் நெருப்பாகக் கொட்டியது. றபீக்கா பின்சீட்டில் முந்தானையால் முகத்தைக் கூட விசிறாமல் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் போனது. இப்றாஹிம் பத்திரங்களோடு வந்து, "ராத்தாக்கு என்ன, சுகமில்லையா?" என்றான். டிலக்சன் தண்ணீர்ப் போத்தல் வாங்க ஓடினான். கதவு திறந்தது. வேர்வையில் நனைந்து இறங்கிய றபீக்கா, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"இது வெள்ளத்துக்குள்ள கிடந்த வண்டி."

முதலில் சிரித்தவன் இப்றாஹிம்தான்.

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? கம்ப்யூட்டரே ஒண்டும் இல்ல எண்டு சொல்லிப்போட்டுது."

"கம்ப்யூட்டருக்கு மூக்கு இல்லையே தம்பி. உள்ளுக்கு அத்தர் மாதிரி ஏதோ அடிச்சிருக்காங்க. குளிருக்குள்ள அதுதான் மணக்கும். சூடு ஏறினா மத்தது கிளம்பி வருது. ஆத்து வெள்ளத்துல ஊறிக் காஞ்ச சாக்கு வாசம். நம்மட ஊடு ரெண்டு தரம் வெள்ளத்துக்குள்ள கிடந்தது. மெத்தைய வெயில்ல மூணு நாள் போட்டும் போகாத வாசம் இது. எனக்குத் தெரியாதா?"

"ஜீப்ப மோந்து பாத்து வாங்கிற ஆக்கள இண்டைக்குத்தான் காணன்." இப்றாஹிமின் முகம் சிவந்துவிட்டது. "மச்சான், இது தயிர்ச் சட்டி இல்லெண்டு ராத்தாக்குச் சொல்லுங்க."

வளவில் நின்ற இரண்டு மூன்று பேர் கிட்டே வந்துவிட்டார்கள். முபாறக்குக்குக் காது சுட்டது. ஊரெல்லாம் சொல்லி வைத்த ஜீப். அவன் கேட்டுச் சரியென்ற என்ஜின். ஒரு நொடி அவனுக்கு றபீக்கா மேலேயே கோபம் வந்தது. 'வாயை மூடிக்கொண்டு இரு' என்று சொல்ல வாய் எடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். அவள் இப்றாஹிமைப் பார்க்கவில்லை, கூடி நின்றவர்களையும் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னை நம்பமாட்டாயா என்று முந்தின நாள் அவன் கேட்டது அவனுக்கே திரும்பி வந்து கேட்டது.

முபாறக் பின்கதவைத் திறந்தான். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். வழக்கமாக யாரும் நெஞ்சுக்குக் குறுக்கே வருகிற அளவுக்குத்தான் இழுப்பார்கள். அவன் இனி வராது என்ற இடம் வரைக்கும் இழுத்தான். பெல்ட்டின் அடியில், ஒரு சாண் நீளத்துக்கு, மண்நிறக் கறை. அதற்கு மேலே கோடு போட்ட மாதிரித் தண்ணீர் நின்ற அடையாளம். விரலால் தேய்த்தான். மாப்போல நுண்ணிய வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த விரலை இப்றாஹிமிடம் நீட்டினான்.

"சீட்டுக்குக் கீழயும் பாக்கவா மச்சான்?"

டிலக்சன் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சிருக்கு காக்கா. போன கார்த்திகை வெள்ளத்துல கிடந்ததுபோல. பிழையெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் அனுப்பியிருக்கானுகள்" என்றான். அவன் குரலில் வெட்கம் இருந்தது.

இப்றாஹிம் அவர்கள் இருவரையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியா மச்சான். கொழும்பில ஒரு ஆள் நல்ல சாமான் எண்டு தந்தது. ஊட்டு உறுதிய அடகு வெச்சித்தான் எடுத்தன். நீங்க வாங்க வேணாம். ஆனா வெளிய கதைச்சிராதீங்க. கதை போனா நான் வளவ மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

முபாறக் றபீக்காவைப் பார்த்தான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"உங்களுக்குத் தெரியா எண்டுறத நான் நம்புறன் தம்பி. ஒரு கிழமை, ஏழு நாள் தவணை தாறன். எடுத்த ஆள்ட்டயே திருப்பிக் குடுங்க. பெல்ட்டப் போட்டோ எடுத்துக் காட்டுங்க. பொலிசுக்குப் போறன் எண்டு சொல்லுங்க. திருப்பி எடுப்பான். நாங்க வாய் திறக்கமாட்டம். ஆனா இத இந்தக் கரையில ஆருக்காச்சும் வித்தீங்க எண்டு கேள்விப்பட்டனோ, அறுவத்திரெண்டு கடைக்கும் தயிரோட இந்தக் கதையும் போகும்."

இப்றாஹிம் தலையை மட்டும் ஆட்டினான்.

இருவரும் பிக்கப்பில் திரும்பினார்கள். மாளிகைக்காட்டைத் தாண்டும்போது முபாறக் சொன்னான்.

"இருவது வருஷம் பாத்தவன். அந்த பெல்ட்ட முதலே இழுத்திருக்கணும். ஆசையில கண் தெரியல்ல."

"வாசம் வருது எண்டு நான் சொன்னா ஆரு நம்பியிருப்பா? நீங்க இழுத்துக் காட்டினத்தாலதானே அவன் வாய் மூடினான்." றபீக்கா அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கெண்டா பெல்ட்டுக்குள்ள அப்பிடி ஒண்டு இரிக்கிற எண்டே தெரியா."

கியர் மாற்றிய அவன் கை இலேசாகியிருந்தது.

அதன் பிறகு மூன்று ஜீப் பார்த்தார்கள். ஒன்றின் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருந்ததில் முபாறக் கண்டுபிடித்தான். இன்னொன்றுக்கு ஒரு லைட் மாற்றுவதென்றாலும் வெளிநாட்டிலிருந்துதான் சாமான் வர வேண்டுமாம். மூன்றாவது நல்ல வண்டி, விலைதான் எட்டவில்லை. நாலாவது காரைதீவில் இருந்தது.

இளையதம்பி ஐயா நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வாகனம் ஓட்ட வேண்டாமென்று டொக்டர் சொல்லிவிட்டதால் ஜீப்பை விற்கிறார். கறுப்பு நிற ஜப்பான் ஜீப். பத்தொன்பது வயது. தோல் சீட், மரம் பதித்த ஸ்டியரிங், கூரையில் திறக்கிற கண்ணாடி எல்லாம் இருந்தன. அந்தக் காலத்தில் மந்திரிமார் ஓடிய சாதி. பளபளப்புப் போனாலும் நிமிர்ந்துதான் நின்றது.

ஐயா அவர்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி தந்துவிட்டு, முத்து முத்தாக எழுதிய ஒரு தாளை முபாறக்கிடம் நீட்டினார்.

"இதில பதினாலு பிழை எழுதியிருக்கன் தம்பி. வாங்கிறவர் கண்டுபிடிச்சு என்னைக் கேக்கிறதுக்கு முதல் நானே சொல்லிப்போட வேணும்."

முபாறக் வாசித்தான். இடப்பக்கப் பின்கதவின் பூட்டு இறுகல். ஏசி குளிர ஐந்து நிமிஷம் செல்லும். கூரைக் கண்ணாடி திறந்தால் சில நேரம் மூடாது, மழைக்காலத்தில் திறக்க வேண்டாம். என்ஜினில் ஒரு இடத்தில் எண்ணெய்க் கசிவு. முன்பக்கக் காற்றுப் பைகள் ஆறு வருஷத்துக்கு முன் பழுதாகி, சாதாரண ஸ்பிரிங் மாற்றப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் திகதி, மாற்றிய சாமான், மாற்றிய ஆளின் பெயர்.

"பெற்றோல் எவ்வளவு குடிக்கும் ஐயா?" றபீக்கா கேட்டாள்.

"அதை மட்டும் கேக்காதீங்க தங்கச்சி. கேட்டா வாங்கமாட்டீங்க."

முபாறக் ஒரு மணி நேரம் ஜீப்புக்குக் கீழே கிடந்தான். எல்லா பெல்ட்டையும் அடிவரை இழுத்தான். றபீக்கா கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முபாறக் ஜீப்புக்குக் கீழிருந்தே, "அது அவட பரிசோதனை ஐயா" என்றான்.

றபீக்கா இறங்கி வந்து கொஞ்சம் தயங்கினாள்.

"வண்டி நல்ல வண்டி ஐயா. ஆனா நாய் வாசம் வருதே?"

இளையதம்பி ஐயா தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் கவலை வந்தது. "ஓம் தங்கச்சி. எங்கட நாய் பன்னிரண்டு வருஷம் இதுக்குள்ள ஏறித் திரிஞ்சது. போன வருஷம்தான் செத்தது. அதை ஒரு பிழையா எழுத எனக்கு மனம் வரல்ல." கொஞ்சம் நின்று சொன்னார்: "உங்கட ஆக்களுக்கு அது சரிவராது எண்டு தெரியும். உள் கம்பளம் முழுக்க நானே புதுசு போட்டுத் தாறன்."

"கம்பளத்த நீங்க மாத்துங்க. மிச்சத்த நாங்க எங்கட முறைப்படி ஏழு தரம் கழுவி எடுப்பம்" என்றான் முபாறக். மூன்று பேரும் சிரித்தார்கள்.

வாசல் படலையடியில் நின்று இருவரும் கதைத்தார்கள்.

"இதுவும் பழுதாகும் புள்ள. பழுதாகாத வண்டி இல்ல. ஆனா இது எப்ப, எதால பழுதாகும் எண்டு எனக்குத் தெரியும். சாமான் கல்முனையில இரிக்கி. ரெண்டு நாளையில எழும்பி ஓடும். ஜேர்மன் மாதிரி இல்ல, ஊருக்குள்ள ஒத்தனும் வாசலுக்கு வந்து பாக்கமாட்டான்."

"உங்களுக்கு மனசுக்குச் சரியா?"

முபாறக் திரும்பி ஜீப்பைப் பார்த்தான். "சரி. ஓட்டக்குள்ள தெரிஞ்சிச்சு. நான் சொல்றத்தக் கேக்கிற வண்டி."

அடுத்த மாதம் அக்கரைப்பற்றில் றபீக்காவின் சாச்சி மகளுக்குக் கல்யாணம். முபாறக் ஜீப்பைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்ப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினான். றபீக்கா பச்சைப் பட்டில் இறங்கிப் பெண்கள் பக்கம் போனாள். ஆண்களின் பந்தியில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் ஆவி பறக்க வந்தன. முபாறக்கோடு உட்கார்ந்தவர்களில் தேநீர்க்கடை ஆட்கள் மூன்று பேர். எதிரே, தலையைக் குனிந்துகொண்டு, இப்றாஹிம்.

"என்ன முபாறக், ஜேர்மன் எங்க? வெளிய ஒரு கிழட்டு ஜீப்தான் நிக்குது."

"விலைக்குச் சல்லி காணாமப் பெயித்தாக்கும்."

"அவன் கதைக்கக்குள்ள நான் நினைச்சன், ஒருக்கா ஓட்டிப் பாக்கத்தான் தந்திருப்பாங்க எண்டு."

முபாறக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொல்வதற்கு அவனிடம் ஒரு கதை இருந்தது. அவன் வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த கதைகளிலேயே நல்ல கதை. ஒரு மாதமாகக் கடை கடையாக ஏறி இறங்கியும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். றபீக்கா கொடுத்த வாக்கு. சிரித்து மழுப்பிவிட்டு ஒரு கவளம் வாயில் போட்டான்.

எதிரே இப்றாஹிம் கையைச் சஹனிலிருந்து எடுத்துவிட்டான்.

"சல்லி காணாம இல்ல" என்றான். பக்கத்துச் சஹன்காரரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னான். "அது வெள்ளத்துல கிடந்த வண்டி. எனக்குத் தெரியல்ல. கம்ப்யூட்டருக்கும் தெரியல்ல. றபீக்கா ராத்தா கண்ணாடிய ஏத்திக்கொண்டு அந்த வெயிலுக்குள்ள பத்து நிமிஷம் இருந்து கண்டுபிடிச்சா. மச்சான் பெல்ட்ட இழுத்துச் சேறக் காட்டினாரு. நான் அவக்கிட்டத் தயிர்ச் சட்டி இல்லெண்டு வாய் காட்டினன். அவ என்னை ஒரு இடத்திலயும் விட்டுக்குடுத்துக் கதைக்கல்ல. கொழும்புக்காரன் வண்டியத் திருப்பி எடுத்துட்டான். என்ட ஊடு இண்டைக்கு என்ட பேரில இரிக்கி எண்டா, அது அவ செஞ்சது."

பரிமாற வந்தவன் இறைச்சிச் சட்டியோடு அப்படியே நின்றான்.

தேநீர்க்கடை ஆட்களில் மூத்தவர் முபாறக்கைப் பார்த்தார். "மெய்யா முபாறக்?"

"ஓம் காக்கா. ஊரெல்லாம் கதைச்சித் திரிஞ்சவன் நான். கண்டுபிடிச்சது அவ."

"நீ ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"ஊட்டுக்காரி வாக்குக் குடுத்திருந்தா."

மூத்தவர் இறைச்சியில் நல்ல துண்டாக ஒன்றைப் பிய்த்து முபாறக்கின் பக்கம் தள்ளி வைத்தார். இப்றாஹிம் மீண்டும் சஹனுக்குள் கை வைத்தான். ஆறு பேரும் சாப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து முபாறக் வெளியே வந்தபோது, கதை அவனுக்கு முன்பே பந்தலைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போய்விட்டிருந்தது. றபீக்கா வாசலுக்கு வந்தாள். அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள். "எப்பிடிகா கண்டுபிடிச்ச?" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ஜீப்பைச் சுற்றி நின்று, சில்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆருட ஜீப் இது?" வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

முபாறக் சாரத்தின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, ஜீப்புச் சாவியைக் கையில் எடுத்தான்.

"றபீக்காட ஜீப்" என்றான். "நான் அவட மாப்பிள."